நாற்பத்திரண்டு அடி நிழல்

சதுரமங்கலம் நேர்நின்றாள் அம்மன் கோயிலில் கொடி ஏறிய சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, வெயிலில் நின்ற அத்தனை பேருடைய நிழலும் அம்புக்குறியாக மாறியது. தலை நிழல் தலையாக இல்லை, தோள் நிழல் தோளாக இல்லை. காலடியில் தொடங்கி ஒரே கோடாக ஓடி, முனையில் இரண்டு பக்கமும் சிறகு விரித்து, கணக்கு வாத்தியார் கரும்பலகையில் போடுகிற அம்புக்குறி அப்படியே இறங்கி வந்து தரையில் படுத்துக்கொண்ட மாதிரி கிடந்தது. ஜனங்கள் குனிந்து பார்த்தார்கள், ஒற்றைக் காலைத் தூக்கிப் பார்த்தார்கள், பிறகு கொடி ஏறுகிறதே என்று நிமிர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தவில்லை. நிழலுக்காக அவரை யாரும் அழைத்து வரவில்லை.

அம்மன் ஊரை ஆளுகிற நாட்களில் சில மாறுதல்களைச் செய்யத்தான் செய்வாள் என்று ஊர் அதை எடுத்துக்கொண்டது. மறுநாள் மதியத்துக்குள் அந்த நிழலின் சட்டதிட்டமெல்லாம் டீக்கடையிலும் பைப்படியிலும் அத்துப்படியாகிவிட்டது. அம்பின் வால் ஆள் நிற்கிற இடத்தில் இருக்கும். மூக்கு அவருடைய ஆசை இருக்கிற பக்கம் பார்க்கும். ஆசை எவ்வளவோ அவ்வளவு நீளம். சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. வீட்டுக்குள்ளே டியூப்லைட் வெளிச்சத்தில் மட்டும் நிழல் பழைய நிழலாகவே விழுந்தது. ஆகவே மனதில் எதையாவது ஒளித்து வைத்திருந்தவர்கள் வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு டியூப்லைட்டுக்கு அடியிலேயே இருந்தார்கள். ஊரில் குடை விற்றுத் தீர்ந்தது.

மற்றபடி எல்லாம் சௌகரியமாகவே போயிற்று. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்பதற்கு முன்னால் மாப்பிள்ளையைக் கொஞ்சம் வாசலில் வந்து நிற்கச் சொன்னார்கள். டாக்டரம்மா, எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத கிழவர்களை வெயிலில் நிறுத்தி, நிழல் வீட்டுப் பக்கம் ஓடினால் ஊசி வேண்டாம் என்று அனுப்பிவைத்தார். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவருக்கு நிழலே இல்லை, காலடியில் ஒரு புள்ளிதான் இருந்தது. தான் பற்றற்றவன் என்று இரண்டு நாள் தெருத் தெருவாக நடந்து காட்டினார். "மத்தியானம் ஒரு மணிக்கு வந்து பாருங்க, அடுப்படி வரைக்கும் வரும்" என்று அவர் மனைவி சொன்ன பிறகு நடப்பதை நிறுத்திக்கொண்டார்.

கணவன் மனைவி கைகோத்து நடந்தால் இன்னொரு வேடிக்கை நடந்தது. ஒருவர் அம்பின் மூக்கு முடிகிற இடத்தில் மற்றவர் அம்பின் வால் போய் ஒட்டிக்கொள்ளும். முதல் வாலிலிருந்து கடைசி மூக்கு வரைக்கும் புதிதாக ஓர் அம்பு விழும், கால் தானாக அந்தப் பக்கம் நடக்கும். அவருக்குத் தெற்கே சினிமாக் கொட்டகை, அவளுக்குக் கிழக்கே அக்கா வீடு என்றால் இரண்டு பேரும் சண்டை போடாமல் தென்கிழக்கு மூலையில் பானிபூரி வண்டி முன்னால் போய் நின்றார்கள். நேரெதிர் ஆசை உள்ள ஜோடிகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவர்கள் எப்போதும் அப்படித்தான் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

ஊரிலேயே நீளமான நிழல் மரிக்கொழுந்துடையது. அவளுக்கு இருபத்தாறு வயது. தேவசகாயம் டைலர் கடையில் காஜா எடுப்பதும் ஹெம்மிங் அடிப்பதும் வேலை. வேலை இல்லாத நேரத்தில், வேலை இருக்கிற நேரத்திலும், கடையின் பின்கட்டில் கிடக்கிற கேரம் போர்டில் விளையாடுவாள். மாவட்டத்தில் ஜெயித்து, மாநிலத்தில் ஜெயித்து, இப்போது கொல்கத்தாவில் நடக்கிற அகில இந்தியப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். கொடி ஏறிய அன்று அவள் காலடியிலிருந்து புறப்பட்ட நிழல், கோயில் வாசல் திண்ணையைத் தாண்டி, தேங்காய்க் கடையைத் தாண்டி, வடகிழக்கே ஓடியது. டைலர் தன் டேப்பை எடுத்து வந்து ஒன்பது முறை மாற்றி மாற்றி வைத்து அளந்து, நாற்பத்திரண்டு அடி என்றார். பொம்பளைப் பிள்ளைக்கு நாற்பத்திரண்டு அடி ஆகுமா என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்களின் நிழலைத் திரும்பிப் பார்த்தாள் அவள், அவர்கள் குடையை விரித்துக்கொண்டார்கள்.

அவளுடைய அப்பா சங்கையாவின் நிழல் வேறு ரகம். அதற்கென்று ஒரு நீளம் கிடையாது. மகள் எங்கே இருக்கிறாளோ அந்தப் பக்கம் திரும்பும், அவள் குதிகாலைத் தொடுகிற வரைக்கும் நீளும், அங்கே நிற்கும். அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து மரம் செதுக்கிக்கொண்டிருந்தால், நிழல் சந்தைக் கடந்து, பள்ளிக்கூடச் சுவரேறிக் குதித்து, சிக்கந்தர் பாய் பரோட்டா வீசுகிற மேசை மேல் ஏறி இறங்கி, டைலர் கடை வாசலில் அவள் காலில் வந்து முடியும். குடம் தூக்கி வருகிற பெண்கள் அதை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்துத் தாண்டுவார்கள். "சங்கையா நெழலு மக காலக் கட்டிப் போட்டிருக்குய்யா. எங்கிட்டுப் போவா?" என்று டீக்கடையில் பேச்சு. மரிக்கொழுந்துக்கும் அதுதான் எண்ணம். ஐந்து வாரத்துக்கு முன்னால் கொல்கத்தா விஷயத்தைச் சொன்னபோது அவர் "ம்" என்றார், உளியை எடுத்தார். அதற்குப் பிறகு போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அவள் நினைப்பாள். காலடியில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிற அந்த மூக்கைப் பார்க்காமல் ஊசியில் நூல் கோப்பாள்.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கொடி ஏறுவதைக் கண்ணால் பார்த்தவர்கள், கொடி இறங்குகிற வரைக்கும் ஊர் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. விளக்கு வைப்பதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும். மரிக்கொழுந்து முன்பே கணக்குப் போட்டிருந்தாள். ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை தேர், திங்கட்கிழமை கொடியிறக்கம், வியாழக்கிழமை மதியம் மதுரையில் ரயில். இடையில் இரண்டு நாள் மிச்சமே இருந்தது. தேர் நிலைக்குத் திரும்பாமல் கொடி இறங்காது என்பதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. தேர் திரும்பாமல் இருந்ததே இல்லை, அதை யார் சேர்ப்பார்கள்?

சதுரமங்கலத்தின் நான்கு தெருக்களும் ஸ்கேல் வைத்து இழுத்தவை; நான்கு மூலையும் அச்சு அசலான செங்கோணம். தேர் ஈசானி மூலையில் உள்ள நிலையிலிருந்து புறப்பட்டு, கீழத்தெரு வழியாகத் தெற்கே இறங்கி, தெற்குத்தெருவில் மேற்கே போய், மேலத்தெருவில் வடக்கே ஏறி, வடக்குத்தெரு வழியாகக் கிழக்கே நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். நாற்பது டன் எடையுள்ள தேரை மூலைக்கு மூலை திருப்புவது வடம் இழுப்பவர்கள் அல்ல, சங்கையா. சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டையைச் சாய்த்து வைப்பார். சக்கரம் கட்டையில் ஏறிச் சறுக்கும்போது தேர் ஒரு சாண் திரும்பும். எந்தச் சக்கரத்தில், எந்தச் சாய்வில், எந்த நொடியில் வைப்பது, எந்த நொடியில் இழுப்பது என்பதெல்லாம் அவர் கைக்குத்தான் தெரியும். கட்டைக்கு நீளக் கைப்பிடி உண்டு. தேர் நகருகிற நேரம் முழுக்க அவர் கை அதை விடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வடம் பிடித்த அறுநூறு பேருடைய நிழலும் ஒன்றின் மூக்கில் ஒன்றாகக் கோத்துக்கொண்டு, கடைசியில் தேருக்கு முன்னால் ஒரே அம்பாக விழுந்தது. கீழத்தெருவில் அது தென்னை மர நீளம் இருந்தது. தேர் ஓடியது என்றே சொல்ல வேண்டும். தெற்குத்தெருவிலும் குறையில்லை. மேலத்தெருவில் திரும்பியதும், விழாக் குழுத் தலைவர் கார்மேகம் கண்ணில் மரிக்கொழுந்து பட்டாள். சக்கரத்துக்குப் பக்கத்தில் அப்பாவுக்குத் தண்ணீர்ச் சொம்போடு நடந்துகொண்டிருந்தாள், நாற்பத்திரண்டு அடி நிழல் அவளுக்கு முன்னால் வடகிழக்கே வீட்டுச் சுவர்களில் ஏறி ஏறி இறங்கியது.

"ஏத்தா, நீ இங்க என்ன செய்யிற?" என்றார் கார்மேகம். "ஒன் நெழலு ஊருக்கு வெளிய பாக்குது. தேரையும் ஒன்னோட கூட்டிட்டுப் போயிராத தாயி. இந்த மொனையிலயே நின்னுக்க. இங்கிட்டு வராத."

அவள் சொம்பை அப்பாவின் காலருகில் வைத்துவிட்டு மேலத்தெருவின் தென்கோடியில் நின்றுகொண்டாள். தேர் வடக்கே போகப் போக அதன் வேகம் குறைந்துகொண்டே வந்தது. சிக்கந்தர் பாய் கடையைத் தாண்டும்போது மணி ஒன்று, சால்னா கொதிக்கிற வாசனை, அறுநூறு வயிறும் காலையிலிருந்து காலி. வடமேற்கே வாயு மூலைக்கு வந்து, வடத்தை வடக்குத்தெருவில் கிழக்கே நீட்டி, எல்லோரும் இழுத்தபோது, தென்னை மர அம்பு ஒரு சாணாகச் சுருங்கித் திரும்பி, பரோட்டாக் கடையைப் பார்த்தது. தேர் அப்படியே நின்றுவிட்டது.

திங்கட்கிழமை இழுத்தார்கள். செவ்வாய்க்கிழமை பக்கத்து ஊரிலிருந்து பொக்லைன் கொண்டு வந்தார்கள். அதன் ஓட்டுநருக்குக் கல்யாணமாகி ஆறு நாள்; அவர் நிழல் அவருடைய ஊரைப் பார்த்துக் கிடந்தது. எந்த கியரைப் போட்டாலும் வண்டி பின்னால் பின்னால் போய், கடைசியில் எல்லைக் கல்லைத் தாண்டியே போய்விட்டது. அவர் கொடியேற்றத்தைப் பார்க்காதவர் என்பதால் யாரும் தடுக்கவில்லை. அம்மன் தேரிலேயே உட்கார்ந்திருந்தாள், கொடி கம்பத்திலேயே பறந்தது, ஊரிலிருந்து யாரும் கிளம்ப முடியவில்லை, வந்த விருந்தாளிகளும் கிளம்ப முடியவில்லை. வீட்டுக்கு வீடு சாம்பாரில் தண்ணீர் கூடியது. நடுவில் ஒருவர், இதெல்லாம் அந்த நாற்பத்திரண்டு அடியால் வந்தது என்று ஆரம்பித்துவைத்தார். மதியத்துக்குள் அது ஊர்ப்பேச்சாகிவிட்டது.

மரிக்கொழுந்து நினைத்தால் பொக்லைனில் ஏறிப் போயிருக்கலாம். அம்மாவே காதில் சொன்னாள், "பேசாமப் போயிருடி, நான் பாத்துக்கிறேன்." அவள் மாட்டேன் என்றாள். "நான் போனா, அடுத்து எந்தத் தேரு எங்க நின்னாலும் எம் பேரைத்தான்மா சொல்லுவாக. அப்பா கட்டையத் தூக்கிட்டு எப்படி வெளிய போவாக?" சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். ஸ்ட்ரைக்கரைத் தொட்ட நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டது இந்த ஒரு ரயிலுக்குத்தான். கொஞ்ச நேரம் அழுத பிறகு, முகத்தைக் கழுவிக்கொண்டு, டைலர் கடைக்குப் போய்க் கேரம் போர்டைத் தலையில் தூக்கிக்கொண்டாள், டைலரின் எல் ஸ்கேலை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பரிகாரம் செய்யலாமா, வேறு ஊரிலிருந்து ஆசையில்லாத ஆட்களாக அறுநூறு பேரைக் கூட்டி வரலாமா என்று பேச்சு. அவள் நடுவில் போர்டை இறக்கிப் பவுடர் தூவினாள்.

"மாமா, ஒரு நிமிசம். இந்தக் காயி அந்தக் குழிக்குப் போகணும். என்ன செய்வீக?"

"குழியப் பாத்து அடிப்பேன்" என்றார் கார்மேகம்.

"அடிங்க."

அவர் அடித்தார். காய் எங்கேயோ போயிற்று, ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தது. மண்டபம் சிரித்தது. மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

"காயி நம்ம சொன்னா கேக்காது மாமா. நம்ம எங்க நின்னு எந்த எடத்துல தொடுறமோ அந்தக் கோணத்துலதான் போகும். ஆளுகளும் அப்படித்தான். ஆசைய மாத்திக்கங்கன்னா யாரு மாத்துவா? ஆனா ஆசைப்படுற சாமான எடம் மாத்தலாம்ல?"

எல் ஸ்கேலை எடுத்து, ஒரு கையை வடக்குத்தெருவின் திசையில் நீட்டித் தரையில் வைத்தாள். சொல்ல வந்ததை வெயிலுக்கு இழுத்துக்கொண்டு போய் ஆளாளுக்கு வைத்துக் காட்டினாள். அம்பு தெருவோடு சேர்ந்து ஓடினால் முழுசும் தேருக்கு உதவி. சாய்ந்து ஓடினால் சாய்ந்த அளவுக்குக் குறைச்சல் உதவி, ஆனாலும் உதவிதான். ஸ்கேலின் மறு கை மேலேயே விழுந்தால் உதவியும் இல்லை உபத்திரவமும் இல்லை, அவர் பாட்டுக்கு இருக்கட்டும். அதையும் தாண்டிப் பின்னால் சாய்ந்தால்தான் தேரைப் பின்னுக்கு இழுக்கிறார் என்று அர்த்தம். சிக்கந்தர் பாய் தன் பரோட்டாக் கடை எந்தப் பக்கம் இருக்கிறது என்று திரும்பிப் பார்த்து, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

"அப்ப நாந்தான் மூணு நாளா தேரை இழுத்துப் பிடிச்சிருக்கேன். தெரிஞ்சிருந்தா சால்னாவுல மசாலாவக் கொறச்சிருப்பேன்ல!"

"அதெல்லாஞ் சரி" என்றார் கார்மேகம். அவருக்கு ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தது இன்னும் உறுத்தியது. "ஒன் நெழலு? அது ஊருக்கு வெளியதான போகுது?"

"பாதி வெளிய போகுது மாமா. மீதி வடக்குத்தெரு வழியாத்தான் போகுது" என்று ஸ்கேலை வைத்துக் காட்டினாள். "அதுனால ஒண்ணுங் கெடல. கெட்டது வேற. எங்கப்பா கைய கட்டையில வச்சிருக்காக, அவுக நெழலும் தேரோட சேந்துக்கிரும். அவுக நெழலு எங்க இருந்தாலும் எங் காலுக்குத்தான் வரும். நான் எம்புட்டுத் தூரம் போறேனோ அம்புட்டு நீளும். ஞாயித்துக்கெழம என்னைய எங்க நிப்பாட்டுனீக?"

மேலத்தெருவின் தென்கோடி என்று எல்லோருக்கும் தெரியும். முந்நூறு எட்டு நீளத்துக்குப் பின்பக்கம் பார்த்த ஓர் அம்பை அவர்களேதான், திரும்பாமல் இன்னும் வடக்கே முகம் பார்த்து நின்ற தேரின் சக்கரத்தில் கட்டிவிட்டிருந்தார்கள். கார்மேகம் துண்டை எடுத்து வியர்க்காத கழுத்தைத் துடைத்தார். சங்கையா தூண் ஓரத்தில் உட்கார்ந்து, முட்டுக்கட்டையின் முனையில் சிலாம்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைய இப்ப வடக்குத்தெருவுக்குக் கெழக்குக் கோடியில நிப்பாட்டுங்க. காலக் கட்டுற கயிறுன்னாலும் கயிறுதான. அது தேரை இழுக்கட்டும்" என்றாள். அப்பாவைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஊர் தன் ஆசைகளையெல்லாம் தூக்கிக்கொண்டு கிழக்கே நகர்ந்தது. சிக்கந்தர் பாய் தோசைக்கல்லையும் சால்னா அண்டாவையும் நான்கு பேரை வைத்துத் தூக்கி வந்து வடக்குத்தெருக் கோடியில் அடுப்பு மூட்டினார். சினை மாட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவருக்காகச் சினை மாடு வந்தது. கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டில் இருந்த மனைவியை, அவள் கணவனுடைய நிழலைச் சாட்சியாகக் காட்டிக் கூட்டி வந்து மாட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கிரிக்கெட் பைத்தியங்களுக்காக ஒரு டிவி, தைத்து முடியாத தீபாவளி ரவிக்கைகளுக்காக மிஷினோடு தேவசகாயம், தாசில்தாருக்காக அவர் வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு தூக்குச் சட்டி, தன் கட்டிலைத் தவிர வேறெதிலும் ஆசையில்லாத கார்மேகத்துக்காக அவருடைய கட்டில், அதன் மேல் அவருடைய தலையணை. இப்படி வந்து சேர்ந்த சாமான்களையும் மனிதர்களையும் பார்த்தால் ஊரே வீடு மாற்றிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. காதலிக்கிறவர்கள்தான் பாவம், யாரைக் கிழக்கே அனுப்ப வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டி வந்தது. அதில் இரண்டு கல்யாணம் நிச்சயமாயிற்று, ஒன்று கலைந்தது.

மரிக்கொழுந்து எல்லோருக்கும் அப்பால், ஈசானி மூலையில், தேர் வந்து நிற்க வேண்டிய இடத்தில் தனியாக நின்றாள். நடுவில் வடக்குத்தெரு நூல் பிடித்தது போல் நேராகக் கிடந்தது, வண்டி இல்லை, கடை இல்லை, கழுவிவிட்ட சிமெண்டில் வெயில். மறுகோடியில் தேர். சக்கரத்தருகே சின்னதாக அப்பா.

பறை முழங்கியது. அறுநூறு பேர் வடத்தைத் தூக்கினார்கள். சங்கையா குனிந்து கட்டையைச் சக்கரத்தில் வைத்தார்.

அப்போது அவருடைய நிழல் புறப்பட்டது. மூலையிலிருந்து கிளம்பி, தெருவின் நட்டநடுவில், வடத்துக்கு நடுவில், சால்னா அண்டாவுக்கும் சினை மாட்டுக்கும் பக்கத்தில், முந்நூறு எட்டு நீளத்துக்கு ஓடி வந்தது. வந்து, வழக்கம்போல அவள் குதிகாலில் மூக்கை வைத்து நின்றது. இத்தனை நாளும் அவள் அந்த மூக்கை மட்டும்தான் பார்த்திருக்கிறாள், அதுவும் பாதிக் கண்ணால். சந்துக்குள்ளும் சுவர் மேலும் பரோட்டா மேசை மேலும் வளைந்து ஏறி வந்த நிழலை வாலிலிருந்து மூக்கு வரை ஒரே பார்வையில் பார்க்கிற இடம் இதுவரை வாய்த்ததில்லை. இப்போது குனிந்து பார்த்தாள். அப்பாவின் அம்பு முடிகிற புள்ளியும், தன் அம்பு தொடங்குகிற புள்ளியும் ஒன்றாகவே இருந்தன. ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. அவர் மூக்கில் அவள் வால்.

கைகோத்து நடக்கிற ஜோடிகளுக்குத்தான் அப்படிச் சேரும் என்று ஊர் சொல்லியிருந்தது. அவரும் அவளும் கைகோத்துப் பல வருஷமாயிற்று. இருந்தும் சேர்ந்திருந்தது, கொடி ஏறிய நாளிலிருந்தே சேர்ந்துதான் இருந்திருக்கும். அவள் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனபோதும், குழாயடியில் நின்றபோதும், ஊசியில் நூல் கோத்தபோதும், அது காலைக் கட்டவில்லை. அவள் எங்கிருந்து புறப்பட்டாலும் அங்கே வந்து தன் ஆசையை முடித்து, அதற்கு மேல் நீ போ என்று விட்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவதாக ஓர் அம்பு விழுந்தது. சங்கையாவின் காலடியில் தொடங்கி, அவள் பக்கமாக வந்து, அவளையும் தாண்டி, வடகிழக்கே நாற்பத்திரண்டு அடியின் முனையில் போய் முடிந்தது.

"அப்பா!" என்று அவள் கத்தியது ஊர் முழுக்கக் கேட்டது. "கட்டைய எடுங்கப்பா!"

சங்கையா இழுத்தார். நாற்பது டன் தேர் ஒரு முக்கல் முக்கி, மணியெல்லாம் குலுங்க, செங்கோணத்தைத் திரும்பிக் கிழக்கே பார்த்தது. அதற்குப் பிறகு அதைப் பிடித்து நிறுத்துவதுதான் பாடாகிவிட்டது. அறுநூறு பேருடைய பசியும் தூக்கமும் பாசமும் கிரிக்கெட்டும் ஒரே பக்கமாக இழுக்க, தென்னை மரமென்ன, அந்த அம்பு தெருவளவு நீண்டுவிட்டது. தேர் வருகிற வேகத்தைப் பார்த்து மாடு எழுந்து ஓடியது, கோபித்துக்கொண்டு வந்தவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், கார்மேகம் தன் கட்டிலைக் காப்பாற்ற வடத்தை விட்டுவிட்டு முன்னால் ஓடினார். பதினோரு மணிக்கு அம்மன் நிலைக்கு வந்தாள். பதினொன்றே காலுக்குச் சால்னா தீர்ந்துவிட்டது.

சாயந்திரம் கொடி இறங்கியது. இறங்கிய நொடியில் அத்தனை நிழலும் பழையபடி தலையும் தோளுமாக எழுந்துகொண்டது. சிலருக்கு நிம்மதி, சிலருக்கு வருத்தம். டாக்டரம்மா மறுபடியும் எல்லோரிடமும் எங்கே வலிக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸுக்கு ஊரே வந்திருந்தது. கார்மேகம் ஒரு ஆப்பிள் பழக் கவரை நீட்டி, "குழியப் பாக்காத தாயி, காயப் பாரு" என்று அவளிடம் கற்றதை அவளுக்கே சொல்லிக் கொடுத்தார். சங்கையா பெட்டியை மேலே ஏற்றி வைத்துவிட்டு, ஜன்னலருகே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அஞ்சு வாரமா ஒரு வார்த்த பேசலயேப்பா" என்றாள்.

"கட்ட வைக்கிறப்பப் பேசுனா கை பிசகிரும்த்தா" என்றார். பிறகு, "போய்ட்டு வா. நல்லா விளையாடு. நான் இங்கதான் இருப்பேன்."

பஸ் கிளம்பியபோது கம்பியிலிருந்து கையை எடுக்க வேண்டிய நொடியில் எடுத்துக்கொண்டார்.

அவள் கொல்கத்தாவில் மூன்றாவதாக வந்தாள், அடுத்து நாக்பூர் என்றார்கள், அதற்கடுத்து இன்னும் தூரம். சிக்கந்தர் பாய், வியாபாரம் இங்கே நன்றாக இருக்கிறது என்று கடையை வடக்குத்தெருக் கோடியிலேயே வைத்துக்கொண்டார். சங்கையா தினமும் காலை ஏழு மணிக்கு அங்கே டீ குடிக்க வருவார். பெஞ்சு தெருவைப் பார்க்கத்தான் போட்டிருந்தது. அவர் வந்ததும் அதன் ஒரு முனையைத் தூக்கி வடகிழக்குப் பக்கம் திருப்பிப் போட்டு உட்காருவார், போகும்போது பழையபடி திருப்பி வைத்துவிட்டுப் போவார். அவள் நாக்பூருக்குப் போன வாரத்தில் மட்டும் பெஞ்சு நேர் வடக்காகத் திரும்பியது. ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பாய் கேட்டே விட்டார், ஏண்ணே இந்தப் பாடு என்று.

"அங்கிட்டு ஒக்காந்தா கண்ணுல வெயில் அடிக்குது பாய்" என்றார் சங்கையா. அப்போதுதான் கிழக்கே ஏறியிருந்த சூரியன் அவருடைய இரண்டு கண்ணிலும் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.